ஒன்பதரை மணி யாருக்குச் சொந்தம்?

மாலை ஆறரை மணிக்கு மேல் ஆம்பூரில் சாலையைக் கடப்பது லேசான காரியம் அல்ல. ஷூ கம்பெனிகளின் வேன்களும் பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஜன்னல்களில் எல்லாம் பெண்களின் முகங்கள். மடியில் சாப்பாட்டுப் பை, கண்களில் அசதி. ஐரோப்பாவில் யாரோ போட்டுக்கொண்டு நடக்கப் போகிற ஷூவுக்கு மேல்தோல் தைத்துவிட்டு, இனி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவர்கள்.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒருவரும் அந்த வேனில் வந்து இறங்குகிறவர்தான். சில வருஷங்களுக்கு முன் ஒருநாள், வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க கதை எழுதறவரு. அந்த டீவிக்காரங்களுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட முடியுமா?"

"என்னக்கா விஷயம்?"

"ராத்திரி ஒன்பது மணி நாடகத்தைச் சாயங்காலம் ஆறரைக்கு மாத்திட்டாங்க. ஆறரைக்கு நான் வேன்ல இல்ல இருக்கேன்? மூணு வருஷமா பார்த்துக்கினு இருந்தேன் தம்பி. அந்தப் பொண்ணு கதி இன்னா ஆச்சுன்னு கூடத் தெரியாம போயிடும் போல கீது."

நான் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். மூன்று வருஷம் ஒரு கதையைப் பின்தொடர்ந்தவருக்கு அதன் முடிவைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? அந்த உரிமையைப் பறித்தது வில்லனும் அல்ல, கதாசிரியனும் அல்ல. சென்னையில் ஏதோ ஓர் அறையில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நகர்ந்த ஒரு பெயர். அந்தக் கட்டங்களைப் போடுகிறவர்கள் யார், எப்படிப் போடுகிறார்கள் என்று அன்றைக்கு ஆரம்பித்த யோசனைதான் இது. அக்கா கேட்ட கடிதத்தை நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் 'சீசன்' என்ற வார்த்தையை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியுள்ள தோல் சீமை முழுவதும் சீசனை நம்பித்தான் சாப்பிடுகிறது. வெளிநாட்டில் பனி பெய்யும்போது போடவேண்டிய பூட்ஸை நாங்கள் வேர்வை வழிய வழியக் கோடையில் தைப்போம். முதலில் சாம்பிள் போகும். பத்து சாம்பிள் போனால் இரண்டுக்கு ஆர்டர் வரும். மற்ற எட்டும் அலமாரியில் தூங்கும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியும் இப்படியே சீசன் பார்த்து வளர்ந்த வியாபாரந்தான். அங்கே புதிய சீசன் செப்டம்பரில் பிறக்கும். விடுமுறை முடிந்து குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள். பொழுது சீக்கிரம் சாயும். குளிருக்கு ஜனங்கள் வீட்டோடு இருக்கத் தொடங்குவார்கள். அதற்கு முந்திய வசந்த காலத்தில் 'பைலட்' என்ற பெயரில் மாதிரிப் படங்கள் பல எடுக்கப்படும். மே மாதம் நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டிவைத்து, எந்தக் கிழமை, எந்த மணிக்கு, எந்த நிகழ்ச்சி என்று ஒவ்வொரு கம்பெனியும் அறிவிக்கும். தேறாத சாம்பிள்கள் அங்கேயும் அலமாரியில்தான் தூங்கும்.

இந்த அறிவிப்புக்கு முன்னால் நடக்கிற ஆலோசனை இருக்கிறதே, அது சதுரங்க ஆட்டத்துக்குக் குறைந்தது அல்ல. பலமான நிகழ்ச்சிக்குப் பின்னால் புதிய நிகழ்ச்சியை வைத்தால், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கச் சோம்பி அதையும் பார்ப்பார்கள். இரண்டு பலமான நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு சோனியைத் தொங்கவிட்டால் அதுவும் பிழைத்துக்கொள்ளும்; இந்த யுக்திக்குத் தூளி என்றே அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். எதிராளி பாட்டு வைத்தால் நாம் துப்பாக்கிச் சண்டை வைக்க வேண்டும். அவன் ஆண்களை இழுத்தால் நாம் பெண்களை இழுக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த கதை 1957இல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி என்றால் அமெரிக்காவில் எட் சல்லிவனின் மணி. சி.பி.எஸ். கம்பெனியில் அவர் பாட்டும் கூத்தும் வித்தையுமாகக் கலந்து கொடுப்பார். அவரை எதிர்த்து அதே மணிக்கு என்.பி.சி. ஸ்டீவ் ஆலனை நிறுத்தியிருந்தது. மூன்றாவது கம்பெனியான ஏ.பி.சி. ஏழை. எட்டு மணிக்கு யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் எடுபடாது. ஆகவே அவர்கள் எட்டு மணியைத் தொடவே இல்லை. 'மேவரிக்' என்ற ஒரு மணி நேரக் கதையை 7:30க்கே ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு அடிக்கும்போது கதை பாதியில், நல்ல கட்டத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு யார் எழுந்து போய்க் குமிழைத் திருகுவார்கள்? இரண்டு மலைகளுக்கும் நடுவில் அந்தச் சூதாடி வீரன் சந்து கண்டுபிடித்துவிட்டான்.

பின்னாளில் என்.பி.சி.யில் இருந்த பால் கிளைன் என்பவர் இன்னும் கசப்பான ஓர் உண்மையைச் சொன்னார். ஜனங்கள் நிகழ்ச்சியைப் பார்ப்பதில்லை, தொலைக்காட்சியைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே இருப்பதில் யாருக்கும் அதிகமாக ஆட்சேபம் இல்லாதது எதுவோ அதுவே ஜெயிக்கும் என்பது அவர் வாதம். ஒரே பெட்டி, ஒரே கூடம், மாமியார், மருமகள், மகன், பேரன் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். மாமியாருக்குப் பிடித்ததையோ பேரனுக்குப் பிடித்ததையோ வைக்க முடியாது. யாரும் எழுந்து போகாததைத்தான் வைக்க முடியும். கிளைன் அமெரிக்காவை நினைத்துச் சொன்னார். அச்சாக ஆம்பூருக்கும் பொருந்துகிறது.

அங்கே மூன்று கம்பெனிகள் இப்படி மல்லுக்கு நின்ற காலத்தில் நம் நாட்டில் போட்டி என்ற பேச்சுக்கே இடம் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் தேதி பிறந்தது. சர்க்கார் ஒன்று, சானல் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்ப் படம். இந்த இரண்டையும் பார்க்கப் பெட்டி இருந்த வீட்டில் தெருவே கூடும். செருப்பு வைக்க இடம் போதாது.

1982 ஆகஸ்டு 15 முதல் டில்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சி என்று ஒன்று தொடங்கியது. அன்று முதல் இரவு 8:40க்கு மேல் நாடு முழுவதும் டில்லியின் கையில். ஹிந்திச் செய்தி, ஹிந்தித் தொடர், ஆங்கிலச் செய்தி. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் அதுதான் பெட்டியை அணைக்கும் மணி. ஆனால் எங்கள் சீமையில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். 1984இல் வந்த 'ஹம் லோக்' அவர்களுக்குப் புரிந்தது. பிரிவினையில் சிதறிய குடும்பத்தைப் பற்றி 1986இல் வந்த 'புனியாத்' நெஞ்சைத் தொட்டது. இரவு ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் விளக்கணைந்து கிடக்கும். இரண்டு தெரு தள்ளி, ஜன்னல்களில் நீல வெளிச்சம் ஆடிக்கொண்டிருக்கும். ஒரே ஊரை ஒரு நேர அட்டவணை இரண்டாகப் பிரித்ததைச் சிறுவனாக நான் என் கண்ணால் பார்த்தவன். 1987 ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் 'ராமாயண்' வந்த பிறகுதான் மொழி தெரியாதவர்களும் ஹிந்தித் தொடருக்குப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கதைதான் தெரிந்த கதையாயிற்றே!

ஆக, தமிழ்நாட்டின் இரவு ஒன்பது மணி பத்து வருஷத்துக்கு மேல் ஆளில்லாத வீடாகக் கிடந்தது. வெற்றிடம் ஒன்று இருந்தால் காற்று நுழையாமல் இருக்குமா? 1991 ஜனவரியில் வளைகுடா யுத்தத்தை ஒட்டி வானத்திலிருந்து அந்நியச் சானல்கள் இறங்கின. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி ஓடியது. 1993 ஏப்ரல் 14ஆம் தேதி கலாநிதி மாறன் சன் டி.வி.யைத் தொடங்கினார். தேதியைக் கவனியுங்கள்: தமிழ் வருஷப் பிறப்பு. ஆரம்பத்தில் நாளுக்குச் சில மணி நேரந்தான் ஒளிபரப்பு. ஆனால் டில்லி ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்த அந்த இரவு வேளையில் தமிழில் பேச ஒருவர் வந்தாயிற்று. பிறகு ராஜ், விஜய், 1999இல் ஜெயா, 2007இல் கலைஞர், 2008இல் ஜீ தமிழ், 2018இல் கலர்ஸ் தமிழ் என்று வரிசையாக வந்தார்கள். எல்லாருக்கும் குறி ஒன்றே: அந்த இரவு வேளை.

சன் டி.வி. அந்த வேளையை ஆண்ட விதத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். அரைமணி அரைமணியாக இரவைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூற்றையும் ஒரு தயாரிப்பாளருக்குக் கட்டணத்துக்கு விடுவது அந்நாளைய முறை. தயாரிப்பாளர் நாடகத்தை எடுப்பார். நடுவில் வரும் விளம்பர நேரத்தை விற்று முதலைத் தேடிக்கொள்வார். எங்கள் ஊர் வாரச் சந்தையில் இடத்துக்குச் சுங்கம் கட்டிக் கடை போடுவார்களே, அதே கணக்கு. எந்த இடம் எவ்வளவு பெறும் என்பது, அந்த இடத்தைத் தாண்டி எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

1999 டிசம்பரில் இரவு 9:30க்கு 'சித்தி' வந்தது. ராதிகா தயாரித்து, அவரே நடித்த தொடர். 2001 நவம்பரில் அது முடிந்தது. ஆனால் அந்த மணி முடியவில்லை. 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' என்று 2018 டிசம்பர் வரை, ஏறக்குறைய 19 வருஷம், ஒரே நடிகை, ஒரே சானல், ஒரே மணி. அதற்கு முந்திய 9 மணிக்கு 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்', அது முடிந்ததும் 'தென்றல்'. ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் அடுத்ததற்கும் உட்கார்ந்தார்கள். புதிய சீசன் என்று ஒன்று பிறக்கவேண்டிய அவசியமே அங்கே இல்லை. ஒரு தொடர் வெள்ளிக்கிழமை கண்ணீரோடு முடியும். திங்கட்கிழமை அதே மணிக்கு அடுத்த தொடர் கோலம் போட்ட வாசலோடு தொடங்கும். ஓராண்டுக்கு ஒரு சீசன் என்பது அமெரிக்க வழக்கம். நமக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் சீசன்தான்.

மற்றவர்கள் இதை எப்படி எதிர்த்தார்கள்? 2000 ஜூலை 3ஆம் தேதி பம்பாயில் ஸ்டார் பிளஸ் ஒரு காரியம் செய்தது. இரவு 9 மணிக்கு அமிதாப் பச்சன் நடத்திய கோடீசுவரப் போட்டியைத் தொடங்கி, அதே நாள் 10:30க்கு ஒரு மாமியார் மருமகள் தொடரையும் தொடங்கியது. முன்னது கூட்டத்தைக் கூட்டியது. பின்னது அதைப் பல வருஷம் கட்டி வைத்தது. சன் டி.வி. அந்த யுக்தியை உடனே புரிந்துகொண்டு, தமிழில் சரத்குமாரை வைத்துக் 'கோடீஸ்வரன்' நடத்தியது. விஜய் டி.வி.யோ எட் சல்லிவனுக்கு ஏ.பி.சி. செய்ததைச் செய்தது. அழுகைக்கு எதிரே அழுகையை நிறுத்தவில்லை. சிரிப்பையும் பாட்டையும் நிறுத்தியது. 'கலக்கப் போவது யாரு', 'சூப்பர் சிங்கர்' இரண்டும் அப்படிப் பிறந்தவை. பிள்ளைகள் அந்தப் பக்கம் சாய்ந்த பிறகு, தாய்மார்களை இழுக்கத் தொடர்களை நிறுத்தியது. 2017 ஜூன் 25ஆம் தேதி கமல் ஹாசனோடு 'பிக் பாஸ்' வந்தபோது ஒன்பது மணிக் கோட்டைச் சுவரில் நன்றாகவே விரிசல் கண்டது.

பண்டிகை வந்தால் யுத்தம் பகலிலேயே ஆரம்பமாகிவிடும். தீபாவளி, பொங்கல், வருஷப் பிறப்பு மூன்றும் நம் தொலைக்காட்சியின் உண்மையான சீசன்கள். காலையில் பட்டிமன்றம், பிறகு நட்சத்திரப் பேட்டி, அதன் பிறகு "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக" என்ற முழக்கத்தோடு புதுப்படம். எதிராளி எந்தப் படத்தை எத்தனை மணிக்குப் போடுவான் என்று வேவு பார்த்து, கடைசி வாரத்தில் மணியை மாற்றுவதும் உண்டு. சாதாரண நாட்களிலோ 'மகா சங்கமம்' என்ற ஒரு தந்திரம். அடுத்தடுத்து வரும் இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே கல்யாணத்தில் சந்திக்க வைத்து, இரண்டு அரைமணிகளை ஒரு மணியாக்கி விடுவார்கள். அரைமணியில் எழுந்து எதிர்ச் சானலுக்கு ஓட வழி இருக்காது. மேவரிக்கின் சந்து இங்கே கல்யாண மண்டபமாகிவிட்டது.

சரி, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று இவர்களுக்கு எப்படித் தெரிகிறது? 2015 முதல் 'பார்க்' என்ற அமைப்பு கணக்கு எடுக்கிறது. நாடு முழுவதும் பொறுக்கி எடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் ஒரு சிறு கருவியை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சானலின் ஒலியிலும் நம் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் கலந்து வருகிறது. கருவி அதைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறது. வீட்டில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு ஆளுக்கு ஒரு பொத்தான். 2020இல் நாட்டில் பெட்டி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி என்று அந்த அமைப்பே மதிப்பிட்டது. ஒரு சோறு பதம் என்கிறோம். இங்கே அண்டா மிகப் பெரிது, எடுத்துப் பார்க்கும் பருக்கைகள் மிகச் சில. வாரம் ஒருமுறை வியாழக்கிழமை புள்ளி வரும். அன்று சில அறைகளில் இனிப்பு வழங்குவார்கள். சில அறைகளில் ஒரு கதாநாயகிக்கு விபத்து நேரும். இன்னும் சில அறைகளில் ஒன்பது மணித் தொடர் ஆறரைக்குப் போகும்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. அந்த 12 நிமிஷத்துக்குள்தான் நடிகர் சம்பளம், வீட்டு வாடகை, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். புள்ளி இறங்கிய தொடரை நல்ல மணியில் வைத்துக்கொண்டிருப்பது, விலை போகாத சரக்கைக் கடையின் வாசலில் அடுக்கி வைப்பதற்குச் சமம். வியாபாரி அப்படிச் செய்ய மாட்டான். நானாக இருந்தாலும் செய்ய மாட்டேன்.

என் குறை வேறு. சென்னையில் கட்டம் போடுகிறவர்கள் எந்த வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. ஆறரை மணிக்கு வீட்டில் இருக்கும் பெண்ணை அவர்களுக்குத் தெரியும். ஆறரை மணிக்கு வேனில் இருக்கும் பெண்ணை அவர்களுக்குத் தெரியாது. ரம்ஜான் மாதத்தில் எங்கள் ஊரின் இரவு அடியோடு மாறிவிடும். நோன்பு திறப்பும் இரவுத் தொழுகையும் மணிக்கணக்கையே வேறாக்கிவிடும். எந்த அட்டவணையும் அதற்காக ஐந்து நிமிஷம் தள்ளிப் போனதில்லை. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு. வெளியூர்களுக்கோ பாதி நாள் இருட்டு. சர்க்கார் 2006 முதல் வீடு வீடாகக் கொடுத்த இலவசப் பெட்டிகளில் வெளிச்சம் இல்லை. ஆனாலும் கட்டங்கள் கட்டங்களாகவே இருந்தன. அடுத்த நாள் காலை வேனில், மின்சாரம் இருந்த தெருப் பெண்கள் மின்சாரம் இல்லாத தெருப் பெண்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு போவார்கள். அதைவிட நல்ல ஒளிபரப்பை நான் பார்த்ததில்லை.

2020 மார்ச்சில் நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்தியபோது படப்பிடிப்புகள் நின்றன. அட்டவணை போடுகிறவர்களின் கையில் புதிய சரக்கு எதுவும் இல்லை. தூர்தர்ஷன் பழைய 'ராமாயண்' தொடரை எடுத்துப் போட்டது, சன் டி.வி. 'மெட்டி ஒலி'யை மறுபடியும் போட்டது. ஷூ கம்பெனியும் மூடியிருந்தது. எங்கள் அக்கா முதன்முறையாகப் பகலில் நாடகம் பார்த்தார். "கையில காசு இல்லே, பொழுது மட்டும் கொட்டிக் கிடக்குது தம்பி" என்றார். பொழுது கிடைத்தும் அனுபவிக்க முடியாத அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

இப்போது அவர் மகள் ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வேன் புறப்பட்டதும் அக்கா காதில் மாட்டிக்கொண்டு முந்திய நாள் நாடகத்தைப் பார்க்கிறார். அட்டவணை அவரை ஒன்றும் செய்ய முடியாது. ஜெயித்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இப்ப நான் வெச்சதுதான் மணி தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா ஒண்ணு. முன்னெல்லாம் மாமியாரு, நானு, பொண்ணு மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பார்ப்போம், திட்டிக்குவோம். இப்ப அவங்க ஒரு கதையில இருக்காங்க, நான் ஒரு கதையில இருக்கேன். பேசறதுக்கு ஆள் இல்லே" என்றார்.

ஒரு வீட்டின் மணியைப் பிறர் வைத்தால் அது அடிமைத்தனம் என்று நான் நினைத்திருந்தேன். அந்த மணி வீட்டில் உள்ளவர்களை ஒரு பாயில் உட்கார வைத்திருந்தது என்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"உங்க லெட்டரை எழுதிட்டேன் அக்கா. பத்திரிகையில வரப் போகுது" என்றேன்.

"அப்படியா! எத்தனை மணிக்குப் படிக்கணும்?"

"எத்தனை மணிக்கு வேணும்னாலும் படிக்கலாம்."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சிரித்தார். "அப்படின்னா நான் படிச்ச மாதிரிதான், போங்க!"